அகலம் வேண்டும், ஆடம்பரம் வேண்டாம்

தமிழ் மன்ற இதழில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஞாயிறுதோறும் விடியற்காலையில் விடுதி வாயிலிலிருந்து மலைமிதிவண்டிகளில் புறப்படும் நம் மாணவர் கூட்டத்தை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். வகுப்பறையில் ஏற்படாத நட்பு அந்த மண்பாதைகளில் நமக்கு ஏற்பட்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையும், நாகர்கோயில் வணிகர் மகனும், என்னைப் போல் எல்லையோரத்தில் குடியேறிய குடும்பத்தவனும் ஒரே மேட்டில் மூச்சிரைத்து, ஒரே கடையில் தேநீர் அருந்துகிறோம்.

அந்தக் கூட்டத்தில் இப்போது ஒரு காய்ச்சல் பரவியிருக்கிறது. அகலமான கார்பன் ரிம் வாங்க வேண்டும் என்பதே அது. என்னையும் அது பிடித்தது. பிடித்த கதையையும் தெளிந்த கதையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பொன்முடியில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி நடந்தது. நம் மாவட்டத்து மலையில், தேயிலைச் சரிவுகளுக்கு இடையே, சீனம், சப்பான் முதலிய நாடுகளின் வீரர்கள் பறந்து சென்ற காட்சியை இளநிலை மாணவனாக இருந்த நான் வாய்பிளந்து பார்த்தேன். வீரர்களைப் பார்த்ததைக் காட்டிலும் அவர்களுடைய சக்கரங்களைப் பார்த்ததே மிகுதி. கருமையாக, அகலமாக, ஒளிமங்கி இருந்த அந்த ரிம்கள் என் உறக்கத்தைக் கெடுத்தன. அன்று முதல் உதவித்தொகையில் மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனேன். என் ஊர் கொல்லயில். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களுள் ஒன்று. ரப்பர் தோட்டங்களும், வெட்டுக்கல் மதில்களும், மழை பெய்தால் சேறாகும் ஒற்றையடிப் பாதைகளும் நிறைந்த இடம். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தந்தையார் அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மலையாளத்து அயலார் அனைவருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. ரப்பர்ப் பால் தூக்கும் வண்டியும், மீன்கூடை ஏற்றும் வண்டியும், பள்ளிப் பிள்ளைகளின் வண்டியும் அவர் கைபட்டே ஓடுகின்றன.

அவரிடம் கார்பன் ரிம்மின் விலையைச் சொன்னேன். அவர் நிப்பிளைத் திருகுவதை நிறுத்தினார்.

“ஏல, ரெண்டு ரிம்முக்கா இம்புட்டு? சரி, ஒண்ணு கேக்கேன். அகலத்துக்குத் துட்டுக் குடுக்கியா, கரிக்குத் துட்டுக் குடுக்கியா?”

அறிவியல் முதுகலை படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவருக்குத் தோன்றியது. ‘அகலமான கார்பன் ரிம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆனால் அகலம் வேறு, கார்பன் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது விளங்கும்.

முதலில் அகலத்தைப் பார்ப்போம். மலைமிதிவண்டி பிறந்தபோது அது குறுகியதாக இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர்கள் பருத்த டயர் பூட்டிய பழைய வண்டிகளை மலையிலிருந்து உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒவ்வோர் இறக்கத்திலும் பின்சக்கர ஹப்பிலிருந்த கிரீஸ் வெந்துபோய், மீண்டும் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. பின்னர் போட்டி வளர்ந்தது. எடை குறைக்கும் வெறியும் வளர்ந்தது. 1990களில் ரிம்மின் உள்ளகலம் 17, 19 மில்லிமீட்டர் என்று சுருங்கியது. டயர் மட்டும் பருத்தே இருந்தது.

குறுகிய ரிம்மில் பருத்த டயரை மாட்டினால் அதன் வடிவம் மின்விளக்குக் குமிழ் போல அடி சிறுத்து மேல் பெருக்கும். வளைவில் சாயும்போது அடிப்பகுதி தாங்காமல் டயர் பக்கவாட்டில் மடங்கும். மடங்காமல் இருக்கக் காற்றை மிகுதியாக அடிக்கிறோம். மிகுதியாக அடித்தால் டயர் கல்லின்மேல் துள்ளும், வேரின்மேல் வழுக்கும். இதுதான் குறுகிய ரிம்மின் துன்பம்.

ரிம் அகன்றால் டயரின் பக்கச் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அதே டயர் சிறிது பருக்கவும் செய்கிறது. ஏறத்தாழ 55 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரை 19 மில்லிமீட்டர் ரிம்மிலிருந்து 30 மில்லிமீட்டர் ரிம்முக்கு மாற்றினால், வட்டத்தின் கணக்குப்படி அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பெருக்கும். டயர்த் துணியின் இழுவிசை என்பது காற்றழுத்தத்தையும் குழலின் ஆரத்தையும் பெருக்கி வருவது. ஆரம் கூடினால் குறைந்த அழுத்தத்திலேயே அதே இழுவிசை கிடைக்கும். அதனினும் பெரிய நன்மை பக்கச் சுவர் நிமிர்ந்து நிற்பதால் விளைவது. காற்றைக் குறைத்தாலும் டயர் மடங்குவதில்லை. காற்றைக் குறைத்தால் டயர் மண்ணைத் தழுவிப் பிடிக்கிறது. நம் பக்கத்து ஈர மண்ணுக்கும் வழுக்கும் வெட்டுக்கல்லுக்கும் வேண்டியது இந்தப் பிடிப்பே.

அகலத்திற்கும் அளவுண்டு. அமெரிக்காவின் ஐபிஸ் நிறுவனம் 2014இல் 35 மில்லிமீட்டர் உள்ளகலமுள்ள கார்பன் ரிம்களை வெளியிட்டது. அகலமும் கார்பனும் அக்காலத்தில் இவ்வாறு கைகோத்துக் கடைக்கு வந்ததனால்தான் நம் மனத்திலும் அவை ஒன்றாகிவிட்டன போலும்! பின்னர் 40ஐயும் சிலர் எட்டிப் பார்த்தனர். ஆனால் ரிம் மிக அகன்றால் டயரின் முகம் தட்டையாகிறது. பக்கச் சுவர் வெளியே துருத்திக் கல்லில் கிழிகிறது. அலை ஓய்ந்தபின், 2.3 முதல் 2.5 அங்குல டயருக்கு 30 மில்லிமீட்டரை ஒட்டிய அகலமே போதும் என்று பெரும்பாலோர் அமைதி கொண்டனர்.

இந்த 30 மில்லிமீட்டர் அகலம் அலுமினியத்திலும் கிடைக்கிறது! கார்பன் ரிம்மின் விலையில் சிறு பங்கே அதன் விலை.

இனிக் கரியைப் பார்ப்போம். கார்பன் ரிம் கெட்டியானது, இலேசானது, சிறு அடிக்கு நெளியாதது. இவற்றை மறுப்பவன் அறிவியல் மாணவன் அல்லன். ஆனால் எவ்வளவு இலேசு? நல்ல அலுமினிய ரிம்மோடு ஒப்பிட்டால் ஒரு ரிம்முக்கு 100 கிராம் அளவுக்கு மிச்சமாகும் என்று கொள்வோம். இரண்டுக்கும் 200 கிராம். ‘சுழலும் எடை அல்லவா, அது பன்மடங்கு பெறும்’ என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். பன்மடங்கு இல்லை, இரு மடங்குதான். அதுவும் வேகத்தைக் கூட்டும்போது மட்டும். ரிம்மிலுள்ள ஒரு கிராம் முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால் வருவது அந்த இரு மடங்கு. சீரான வேகத்தில் மேடேறும்போது ஒரு கிராம் ஒரு கிராமே.

என் எடை 62 கிலோ. வண்டி 13 கிலோ. இரண்டும் சேர்ந்து 75. இதில் 200 கிராம் என்பது நூற்றுக்கு 0.27. வேகம் கூட்டும்போது அதை 400 கிராமாகக் கொண்டாலும் நூற்றுக்கு 0.53தான். பொன்முடியில் ஒரு நொடியில் பதக்கத்தை இழக்கும் வீரனுக்கு இது பெரிது. ஞாயிற்றுக்கிழமை நான்கு இட்டிலியைக் குறைத்து உண்டால் அதே 200 கிராம் நமக்கும் மிச்சமாகும். ஆனால் அந்த வழியை நம்மில் ஒருவரும் கடைப்பிடிக்கக் காணோம்!

இன்னொரு வேறுபாடும் உண்டு. அலுமினியம் அடிபட்டால் நெளியும். நெளிவு கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தட்டுப்படும். ஓரளவு கோட்டம் எடுத்து ஓட்டலாம். கார்பன் நெளியாது, தாங்கும் வரை தாங்கி, பிறகு உடையும். அடுக்குகளுக்கு உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாமலும் இருக்கக்கூடும். கவனத்தோடு செய்த கார்பன் ரிம் பல்லாண்டு உழைக்கும் என்பது உண்மை. அத்தகையது நம் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்பதும் உண்மை. எட்டும் விலையில், செய்தவர் பெயரும் தெரியாமல் வருவதை வாங்கினால் என்ன ஆகும்? என் நண்பர் ஒருவர் அப்படி வாங்கினார். ஒருநாள் வெட்டுக்கல் முனையில் சக்கரம் மோதியது. துடைத்துப் பார்த்தார், கீறலும் இல்லை. இரண்டு வாரம் கழித்து இறக்கத்தில் அதே இடத்தில் ரிம் பிளந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்து, ஒரு பருவத் தேர்வையும் இழந்தார்.

இதுவரை சொன்னவை கணக்கு. இனிச் சொல்லப்போவது கணக்கில் அடங்காதது. எனக்கு நாணம் தருவது.

நம் ஞாயிற்றுக் கூட்டத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் இருந்தார். மூணாற்றுப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மகன். யாரோ பயன்படுத்திய பழைய வண்டியில், பழைய குறுகிய ரிம்மில், நம் எல்லோரையும் முந்தி மேடேறுவார். ஒரு நாள் தேநீர்க் கடையில் அவருடைய ரிம்மைக் காட்டி, “இது ரிம்மா, வளையலா?” என்று நான் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. விசாரித்தபோது, தவணைக் கடனில் கார்பன் ரிம் வாங்கப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. தாய் அனுப்பும் உணவுப் பணத்தில் மாதத் தவணை கட்டுவதாக ஏற்பாடாம்.

என் ஒரு சொல் ஒரு தாயின் உழைப்பில் கைவைக்க இருந்தது. அன்று இரவே அவர் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். படிவத்தைக் கிழிக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆகையால் என் தந்தையாரின் கேள்வியை மட்டும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்து, பிறகு அவரே கிழித்தார்.

அந்த விடுமுறையில் நானும் என் வண்டிக்கு 30 மில்லிமீட்டர் அலுமினிய ரிம்களையே வாங்கியிருந்தேன். பழைய ஹப்பில் புதிய போக்ஸ் கம்பிகளைக் கோத்து, தந்தையாரும் நானும் இரண்டு மாலைப் பொழுதில் சக்கரம் கட்டினோம். கம்பியின் நீளம் சிறிது தவறினாலும் நிப்பிள் சரியாகப் பிடிக்காது என்பதை அன்றுதான் கற்றேன். ஒவ்வொரு கம்பியையும் அவர் விரலால் சுண்டி ஓசை கேட்பார். ஓசை ஒத்துவந்தால் இறுக்கமும் ஒத்திருக்கிறது என்பது அவர் ஆய்வுக்கூடம்! பிறகு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டாக இருந்த காற்றை 24ஆகக் குறைத்துக் கால்வாய்க் கரையில் ஓட்டினேன். முன்பு வழுக்கிய வேர்களின்மேல் வண்டி ஒட்டிக்கொண்டு ஏறியது. இதற்காகவா இரண்டாண்டு ஏங்கினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆகவே நண்பர்களுக்கு நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ரிம்மை மாற்றுமுன் காற்றை மாற்றிப் பாருங்கள். டயர் மடங்காமலும் ரிம் கல்லில் இடிக்காமலும் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை. இரண்டாவது, மாற்றியே ஆகவேண்டுமென்றால் அலுமினியத்தில் அகலத்தை வாங்குங்கள். கடன்பட்டுக் கரியை வாங்காதீர்கள். மூன்றாவது, நம் மன்றம் பொதுவாக ஓர் அழுத்தமானியும் சக்கரம் கோட்டம் எடுக்கும் தாங்கியும் வாங்கி விடுதியில் வைக்கட்டும். கொல்லயிலிலிருந்து என் தந்தையார் ஒரு ஞாயிறு வந்து கற்றுக்கொடுக்க இசைந்திருக்கிறார். பேருந்துக் கட்டணமும் கேட்கவில்லை. நல்ல தேநீர் மட்டும் வேண்டுமாம்.

‘பொருளில் முன்னேற்றமே வேண்டாம் என்கிறாயா?’ என்று கேட்காதீர்கள். நம் வளாகத்திற்கு அருகில்தான் தும்பா இருக்கிறது. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணிற்குச் சென்றது. அந்நாளைய படம் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ராக்கெட்டின் முகப்புக் கூம்பு ஒரு சாதாரண மிதிவண்டியின் பின் கேரியரில் ஏறிச் செல்கிறது. அதே தும்பாவில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2024இல் ராக்கெட் எஞ்சினுக்குக் கார்பனாலேயே முனைக்குழாய் செய்து காட்டியது. ஒவ்வொரு கிராமும் விலைமதிப்புள்ள இடம் அது. கார்பன் அங்கே தன் தகுதியால் ஏறியிருக்கிறது. கார்பனை விரும்பும் நண்பர்கள் அதை ஆய்வுக்கூடத்தில் பயிலட்டும், செய்யக் கற்கட்டும். அதை நான் கைதட்டி வரவேற்பேன்.

மூணாற்று நண்பர் சென்ற ஞாயிறு மீண்டும் வந்தார். அதே பழைய வண்டி. அதே குறுகிய ரிம். காற்று மட்டும் சற்றுக் குறைவு. மேட்டில் வழக்கம்போல என்னை முந்திச் சென்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.