மூட்டைக்குக் கணக்கு, கிரயத்துக்கு வாய்தா!

எந்த ஆலை மாதத்துக்கு எத்தனை டன் சர்க்கரை விற்கலாம் என்பதை டில்லி சர்க்கார் நிர்ணயிக்கிறது. இந்த மாத ஒதுக்கீடு 2018-ல் மீண்டும் வந்தது. எவ்வளவு சர்க்கரை கப்பலேறலாம் என்பதும் சர்க்கார் உத்தரவுதான்.

கரும்பு விவசாயிக்கும் கட்டுப்பாடு உண்டு. தன் பகுதி எந்த ஆலைக்கு ஒதுக்கப்பட்டதோ, அந்த ஆலைக்கே பதிவு செய்த கரும்பைக் கொடுக்க வேண்டும். வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பு வயலில் காய வேண்டும். எடை குறைந்தால் நஷ்டம் அவன் தலையில்.

கட்டுப்பாடே கூடாது என்பதல்ல நம் வாதம். மக்களின் உணவுப் பண்டத்தைப் பதுக்கல்காரர் கையில் விட முடியாது. யாருக்குக் கட்டுப்பாடு, யாருக்குச் சலுகை என்பதே கேள்வி.

கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் கிரயம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவிகித வட்டி என்று 1966-ம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு விதித்தது. எத்தனை முதலாளிகள் அந்த வட்டியைக் கொடுத்தார்கள்? வருஷக்கணக்கில் பாக்கி வைத்த ஆலைகளைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 7-ந் தேதி, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிப்பதைச் சர்க்கார் தடுத்தது. முதலாளிகள் கூக்குரலிட்டனர்; சில நாட்களிலேயே தடை தளர்ந்தது. நினைத்தால் ஒரே நாளில் உத்தரவு போட முடிகிறது. முதலாளி கேட்டால் உடனே திருத்தவும் முடிகிறது. விவசாயியின் 14 நாள் மட்டும் ஏன் ஏட்டுச் சுரைக்காய்?

2025-26 பருவத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய் என்று தம்பட்டம் அடித்தார்கள். அது 10.25 சதவிகிதம் பிழிதிறன் உள்ள கரும்புக்கு. 9.5 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் 3,290 ரூபாய் 50 காசுதான். தமிழ்நாட்டின் பல ஆலைகள் இந்தக் கீழ்ப்படியில்தான் நிற்கின்றன. வெட்டுக்கூலி, உரம், கடன் வட்டி எல்லாம் இதற்குள்ளேதான்.

கிரயம் வராத விவசாயி வெட்டுக்கூலியில் கை வைக்கிறான். கூலி கிடைக்காத தொழிலாளி விவசாயியோடு மல்லுக்கு நிற்கிறான். இருவர் பணமும் கிடப்பது முதலாளியின் பெட்டியில்! ஆலை மூடினால் ஆலைத் தொழிலாளியின் சம்பளமும் அதே கதிதான்.

ரேஷன் கார்டுக்காரர் கதை என்ன? ஆலைகள் ரேஷனுக்கு மலிவு விலையில் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்ற கடமை 2013-ல் நீக்கப்பட்டது. 2017-ல் மத்திய மானியம் பரம ஏழைகளான அந்தியோதயா குடும்பங்களோடு சுருங்கியது. அதுவும் குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ!

நாம் கோருவது இதுதான்: மூட்டையைக் கணக்கிடும் சர்க்கார் பாக்கியையும் கணக்கிடட்டும். மாத ஒதுக்கீட்டில் விற்ற பணத்தில் முதல் பங்கு, வட்டியோடு கரும்புக் கிரயத்துக்கும் தொழிலாளர் சம்பளத்துக்கும் போகட்டும். வெட்டுக்கூலி குறையாதபடி கரும்பு விலை உயரட்டும். ரேஷன் சர்க்கரை உழைப்பாளிக் குடும்பங்கள் அனைத்துக்கும் கிடைக்கட்டும்.

வயலில் வெட்டுபவரும், ஆலையில் பிழிபவரும், கரும்பை விளைவிப்பவரும் ஒரே அணியில் நின்றால் 14 நாள் விதி உயிர் பெறும். பிரிந்து நின்றால் வாய்தாதான் மிஞ்சும்!