ககாரினின் கடிதம்

லா சப்பலில் வாழும் நம்மவர் நன்கறிந்த 7ஆம் இலக்க மெற்றோவின் ஒரு முனை இவ்ரி நகரம். அங்கே செங்கற்களால் எழுந்த பெருந்தொடர்மாடி ஒன்று ககாரினின் பெயரைத் தாங்கி நின்றது. 1963இல் அவரே அங்கு வருகை தந்தார். 2019இல் அதனை இடிக்கத் தொடங்கினர். இலங்கைக்கும் 1961 டிசெம்பரில் அவர் வந்திருந்தார்.

1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் 108 நிமிடங்களில் உலகைச் சுற்றித் திரும்பினார் என வகுப்பறையில் பலமுறை கற்பித்திருக்கின்றேன். ஒன்றை மட்டும் சொல்லாது விட்டேன். புறப்படுவதற்கு இரு நாட்களின் முன், தாம் திரும்பாவிடின் மனைவியிடம் சேர்க்குமாறு அவர் ஒரு கடிதம் எழுதிவைத்தார். இளைய மகளுக்கு அப்போது ஒரு மாத வயது.

அவர் எண்ணியது வீணன்று. திரும்புகையில் கருவிப்பகுதி முறையாகப் பிரியாமையால் கலம் நிலைகுலைந்து சுழன்றது. மென்மையாகத் தரையிறங்கும் வசதியும் அதற்கில்லை. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் உயரத்தில் கலத்தினின்றும் வெளியேறிப் பரசூட்டின் துணையால் மண்ணை அடைந்தார்.

1967இல் அவர்தம் நண்பர் கொமரோவ், திரும்பும் வேளையில் பரசூட் விரியாது மாண்டார். அப்பயணத்துக்கு மாற்று வீரராக இருந்தவர் ககாரினே. 1968 மார்ச் 27இல், தமது 34ஆவது வயதில், பயிற்சி விமான விபத்தில் அவரும் மறைந்தார். அதன் பின்னரே அக்கடிதம் மனைவியின் கையை அடைந்தது.

மீள்வோமா என்றறியாது விடைபெறும் பாரத்தை நமது குடும்பங்கள் அறியும். ஆதலின், ககாரினின் புகழைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோரே, அக்கடிதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.