உருளும் பீப்பாவின் நீதி

வீடியோ விளையாட்டைக் கலையென ஒப்ப மறுப்போர், 1981இல் யப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டொங்கி கோங்’ விளையாட்டை ஒருமுறை ஊன்றி நோக்குதல் நன்று. சிகெரு மியமோட்டோ வகுத்த அதன் முதற் கட்டத்தில், உச்சியில் நிற்கும் மனிதக்குரங்கு பீப்பாக்களை உருட்டிவிடுகிறது. அவை சாய்ந்த இரும்புத் தளங்கள் வழியே கீழ்நோக்கி வருகின்றன. மேலேறும் வீரன் அவற்றைத் தாண்டித் தப்பவேண்டும். ஆபத்துத் தொலைவிலேயே தெரிகிறது. ஆயினும், ஏணியின் தலைப்பை அடைந்த பீப்பா நேரே உருளுமோ, ஏணிவழி இறங்குமோ என்று ஆடுவோன் உறுதியாகக் கூறல் அரிது. தெரிந்த நியதியும் தெரியாத திருப்பமும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. காரணமின்றிப் பாயும் விபத்தொன்றால் கதாநாயகனை வீழ்த்திவிடும் கதாசிரியர்கள் இப் பீப்பாவிடம் பாடங் கேட்கலாம் என்பேன். வாசகனை ஏமாற்றாத இடையூறே அவனை விழித்திருக்கச் செய்யும் என்பது என் துணிபு.