எலியாவுக்கு அப்பம் சுட்டது யார்?



அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தின் காலைப் பொழுதைக் கற்பனை செய்து பார்ப்போம். சமையலறை மேசையே வகுப்பறை. மூத்த மகன் கணக்கில் தடுமாறுகிறான். அடுத்தவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். மூன்றாவது பிள்ளை மேசைக்கு அடியில் விளையாடுகிறது. தாயின் இடுப்பில் கைக்குழந்தை. ஆசிரியரும் அவரே, சமைப்பவரும் அவரே, மறைக்கல்வி கற்பிப்பவரும் அவரே. மாலை நான்கு மணிக்குப் பள்ளி மணி அடித்து அவரை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. அவர் இருப்பதே வீட்டில்தானே!

ஆலயமும் அதை ஒட்டிய பள்ளிக்கூடமும் என்று வளர்ந்த நமக்கு, ‘ஹோம் ஸ்கூலிங்’ எனப்படும் இந்த வீட்டுவழிக் கல்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே இது சிறிய செய்தி அல்ல. 1977-இல் ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர் இதற்கென ஓர் இதழ் தொடங்கினார். 1980-களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருமளவில் இதில் இறங்கின. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பாடத்திட்டம் அனுப்பும் சீட்டன் போன்ற நிறுவனங்கள் வர்ஜீனியா மாநிலத்தில் எழுந்தன. 1993-க்குள் 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும் என்றாயிற்று. கொரோனா ஆண்டான 2020-இல், வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாகச் சொன்ன குடும்பங்கள் வசந்த காலத்தில் 5.4 விழுக்காடு, பள்ளிகள் திறக்கும் பருவத்தில் 11.1 விழுக்காடு என்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கீட்டுத் துறை அறிவித்தது. அந்த அலை பின்னர் தணிந்தது. ஆனால் அதில் வந்தவர்களில் பலர் நிலைத்துவிட்டனர். இதன் சுமை பெரும்பாலும் தாயின் தோளில்தான்.

அந்தத் தாய்மார்கள் களைத்துப் போகிறார்கள். சாதாரணக் களைப்பு அல்ல. தூங்கி எழுந்தாலும் தீராத, பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்டாலே எரிச்சல் வரும் களைப்பு. ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள், திரி எரிந்து தீர்ந்த நிலை. இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. வீட்டுவழிக் கல்வியின் முன்னோடிகளான ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியர் 1988-இலேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினர். பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் தூக்கி வந்து வைக்க முயல்வதே பாதி நோய் என்பது அவர்கள் கண்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன் அவுட்’டுக்கு விளக்கம் தந்தபோது, அது பணியிடத்துக்கு மட்டுமே உரியது, வாழ்வின் பிற பகுதிகளுக்கு அச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்று வரையறுத்தது. மருத்துவர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் ஊதியமும் விடுப்பும் இல்லாமல் நாள் முழுதும் கற்பிக்கும் தாயின் உழைப்பு எந்தக் கணக்கிலும் சேராமல் போகிறதே!

இங்கே திருஅவைப் பணியாளர்களாகிய நம் தவற்றையும் சொல்லியாக வேண்டும். சோர்ந்த தாய் ஒருவர் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்து, “பிள்ளைகளிடம் கத்திவிட்டேன், செபிக்கவும் மனமில்லை, சாமி” என்று சொல்லும்போது, இன்னும் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்லுமாறு அறிவுரை தந்து அனுப்பியிருக்கிறோம். நாலாம் நூற்றாண்டில் பாலைநிலத் துறவி எவாக்ரியுஸ், நண்பகலில் வந்து தாக்கும் ஆன்மிக மந்தநிலையைப் பற்றி எழுதினார். அதைக் குருமடத்தில் படித்த நாம், உறக்கமின்மையையும் அந்தப் பாவத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். இரவில் மும்முறை எழுந்து பால் கொடுத்தவருக்கு நண்பகலில் கண் செருகினால் அதன் பெயர் பாவம் அல்ல, தூக்கம். மாதக்கணக்கில் நீடிக்கும் துயரம், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் என்று வந்துவிட்டால், ஒப்புரவு இருக்கையிலிருந்து மருத்துவரிடம் வழிகாட்டுவது மேய்ப்பரின் கடமை.

எலியாவை நினைப்போம் (1 அரசர்கள் 19). சூரைச்செடியின் அடியில் படுத்து, சாக வேண்டுமென்று மன்றாடிய இறைவாக்கினர் அவர். ஆண்டவரின் தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை எங்கே என்று கேட்கவும் இல்லை. உறங்க விட்டார், தட்டி எழுப்பி உண்ணச் சொன்னார், மீண்டும் உறங்க விட்டார், மீண்டும் உணவு தந்தார். ஓரேபு மலைக்கான நீண்ட பயணம் அதன் பிறகுதான். நாம் எளிதில் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த அப்பத்தை எலியா சுடவில்லை. கண் விழித்தபோது அது அவர் தலைமாட்டில் சுடப்பட்டு இருந்தது.

இன்று தாய்மார்களுக்குத் தரப்படும் அறிவுரையில் விடுபடுவது இதுதான். ‘உங்களை நீங்களே பேணுங்கள்’ என்கிறார்கள்: அதிகாலையில் எழுந்து தியானியுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள். நல்லவைதாம். ஆனால் ஏற்கெனவே நிரம்பிய அட்டவணையில் இன்னொரு பாடமாக இவை சேர்ந்துவிடுகின்றன. செய்ய முடியாதபோது இன்னொரு குற்ற உணர்வு!

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மைக் கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் (எண் 3) கற்பித்தது. வீட்டுவழிக் கல்வி இல்லங்கள் பெருமையோடு எடுத்துக்காட்டும் பகுதி இது. அதே எண்ணில், இப்பணியில் குடும்பத்துக்குச் சமூகம் முழுவதன் உதவியும் தேவை என்றும் சங்கம் சொல்கிறது. முதன்மை என்றால் தனிமை என்று பொருளல்ல. காலை முதல் மாலை வரை தனியே நீதி வழங்கிய மோசேயைப் பார்த்து, இப்படியே போனால் நீரும் தளர்ந்துவிடுவீர், மக்களும் தளர்ந்துவிடுவர் என்று எச்சரித்தவர் அவருடைய மாமனார் இத்திரோ (விடுதலைப் பயணம் 18). அதற்கு அவர் சொன்ன மருந்து, பணியைப் பகிர்ந்து கொடுப்பது.

பெல்ஜியத்தின் லூவெய்ன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 42 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வும் இத்திசையில்தான் சுட்டுகிறது: தனிமனிதப் போக்கு மிகுந்த மேலை நாடுகளில்தான் பெற்றோரின் சோர்வு மிகுதி. (நாம் பெருமைப்பட அவசரப்பட வேண்டாம். பாட்டி இல்லாத வீடுகள் நம் பங்குகளிலும் பெருகிவிட்டன.)

அனுபவமுள்ள குடும்பங்கள் சில வழிகளைக் கண்டிருக்கின்றன. ஆறு வாரம் பாடம், ஏழாம் வாரம் ஓய்வு என்று சில வீடுகள் ஆண்டையே மாற்றி அமைக்கின்றன. பிற்பகலில் ஒரு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் இடத்தில் அமைதியாக இருக்க வேண்டும் என்பது பல வீடுகளின் சட்டம். பல குடும்பங்கள் கூடி, ஒருவர் அறிவியல், மற்றொருவர் இலத்தீன் என்று பாடங்களைப் பங்கிடுவதும் உண்டு. அந்தக் கூட்டமே புதிய சுமையாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர் மாலையில் கணக்குப் பாடத்தை ஏற்பது உதவி அல்ல, அவருக்கும் உரிய கடமை. டெக்சாஸ் மாநிலம் 2025 மே மாதம் இயற்றிய சட்டப்படி, வீட்டில் பயிலும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும் வழி பிறந்துள்ளது. அதைக் கொண்டு பாடநூல் வாங்கலாம். தாய் கண்ணயரும்போது குழந்தையை ஏந்திக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே!

இன்னொன்றையும் தயங்காமல் சொல்வோம். வீட்டில் கற்பிப்பது துறவற வார்த்தைப்பாடு அல்ல. இந்த ஆண்டு முடியவில்லை என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் தாய் விசுவாசத்தைக் கைவிட்டவர் ஆகமாட்டார். பிள்ளைக்கு ஏற்ற கல்வியைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் திருஅவை பெற்றோரிடமே விட்டிருக்கிறது.

அத்தகைய இல்லம் உள்ள பங்கில், மரியாயின் சேனையிலோ வின்சென்ட் தே பவுல் சபையிலோ ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நிச்சயம் இருப்பார். பங்குத்தந்தை அவரிடம் கேட்கலாம்: “அம்மா, வியாழன் பிற்பகல் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வருவீர்களா?”