சொல்லாமற் சொல்லும் குறிகள்

மேடையேறி முழங்குவது மட்டுமே சொல்வன்மை என்று கருதுவார் இன்றும் உளர். ஒரு படமும் ஒரு வண்ணமும் ஒரு பெயரின் ஓசையும் வாய்திறவாமலே மக்களை இணங்கச் செய்துவிடும் காலத்தில், அக்கருத்து ஏமாற்றுவார்க்கே உதவும்.

சொல்வன்மையும் குறியியலும் இன்று நூலகத் தட்டுகளில் தனித்தனியே கிடக்கின்றன. தொடக்கத்தில் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கப் பேரறிஞர் அரித்தாட்டில் தம் சொல்வன்மை நூலிலேயே குறிகளை வகைப்படுத்தினார். ஒருவன் காய்ச்சலுற்றிருக்கிறான்; ஆதலின் அவன் நோயாளி என்பது மறுக்கவொண்ணாக் குறி. ஒருவன் மூச்சிரைக்கிறான், ஆதலின் அவனுக்குக் காய்ச்சல் என்பதோ மறுக்கத்தக்கது. ஓடி வந்தவனும் மூச்சிரைப்பானன்றோ! ஏமாற்று நுழைவது இவ் இரண்டாம் வாயில் வழியேதான்.

1964-இல் பிரஞ்சு அறிஞர் உரோலான் பார்த், பன்சானி என்னும் பிரஞ்சு நிறுவனத்தின் விளம்பரப் படம் ஒன்றை ஆராய்ந்தார். வாய் விரிந்த வலைப்பை. அதனின்று சரியும் பாசுதாப் பொட்டலங்கள், தகரக் கலத்தில் அடைத்த குழம்பு, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், காளான். சிவந்த பின்புலத்தில் மஞ்சளும் பச்சையும். இப்பொழுதுதான் சந்தையினின்று வந்தோம் என்கிறது பை. இத்தாலியம் என்கின்றன வண்ணங்களும் பெயரின் ஈற்றோசையும். தகரத்தில் அடைத்ததும் தோட்டத்தில் பறித்ததும் ஒரே பையில் கிடத்தலின், அடைத்ததும் புதியதே என்னும் எண்ணம் காண்பார் உள்ளத்தில் தானே முளைக்கிறது. ஒருவரும் அவ்வாறு சொல்லவில்லை! சொல்லியிருப்பின் மறுத்திருப்பர்.

அவ்வறிஞர் சுட்டிய மற்றொன்று இன்னும் கூரியது. அப் பெயரோசையில் இத்தாலியத்தை நுகர்பவன் பிரஞ்சுக்காரனே. இத்தாலியனுக்கு அது தன்னூர்ப் பெயர்களுள் ஒன்று, அவ்வளவே. காண்பவன் முன்னரே சுமந்து வரும் எண்ணத்தைக்கொண்டே குறி தன் வேலையைச் செய்துகொள்கிறது.

தமிழர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமமும் கருப்பொருளைக் காட்டி வேறொன்றை உணர்த்துவதே. திணைமரபு அறியாதானுக்கு அங்கே நாரையும் மீனுமே தெரியும். ஆயினும் பாட்டில் உள்ளுறையைத் தேர்பவன் அறிந்தே தேர்கிறான். கடைத்தெருவில் அஃது இல்லை. தமிழ் வணிகன் ஒருவன் தன் துணிக்கடைக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுகிறான். நூலின் உறுதி பற்றியோ சாயத்தின் நிலைப்பு பற்றியோ அப்பெயர் ஒரு சொல்லும் கூறவில்லை. உயர்ந்தது என்று ஓசையாலேயே உணர்த்திவிடுகிறது. மூச்சிரைத்தால் காய்ச்சல் என்னும் அதே முடிபு! இலண்டன் தெருவில் அப்பெயரை மாட்டினால் எவனும் திரும்பிப் பாரான்.