சரபோஜி மறவாத போதகர்

1787இல் மறையுந் தறுவாயிலிருந்த தஞ்சை மன்னர் துளஜா, தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். பின்னர் அரியணை ஏறிய அமர்சிங், சிறுவனைக் கல்வியின்றி அடைத்து வைத்தார். ஐயரோ கம்பெனியாரிடம் ஓயாது முறையிட்டு வந்தார். 1793இல் சிறுவன் சென்னைக்கு அனுப்பப்பெற்றுக் கல்வி பயின்றான்.

1798 பிப்ரவரியில் ஐயர் காலமானார். சரபோஜி முடிசூடியது அவ்வாண்டு ஜூனில்! அதனைக் காண அவர் கொடுத்து வைக்கவில்லை.

மன்னர் தம் குலச்சமயத்திலேயே இறுதிவரை நின்றார். எனினும் அன்பு குன்றவில்லை. நமக்கு வியப்பூட்டுவது இதுவே. பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு, மரணப் படுக்கையிலுள்ள போதகரின் கையைத் தாம் பற்றியிருப்பதாகச் சலவைக்கல்லில் செதுக்குவித்தார். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் அச்சிற்பம் உள்ளது. கல்லறைக்குரிய ஆங்கிலச் செய்யுளையும் தாமே இயற்றினார். சரசுவதி மகாலில் ஐரோப்பிய நூல்களைக் குவித்ததும், ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் ஏழைச் சிறார்க்குச் சோற்றோடு கல்வியும் அளித்ததும் அந்த இளமைப் பயிற்சியின் விளைவென்றே கருதுகிறோம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஐயர் அழைத்து வந்த மற்றொரு சிறுவனே ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார்.

நம் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களிலும், தமக்கு முதன்முதல் எழுத்தறிவித்த போதகரையோ உபதேசியாரையோ நினைந்துருகும் முதியோர் உளர். அவர்களுக்குக் கல்லில் செதுக்கப் பொருளில்லை. வீட்டுப் பிள்ளைகள் அருகமர்ந்து, அப்பெரியோரின் பெயரையும் ஊரையும் கேட்டெழுதி இப்பகுதிக்கு அனுப்புவார்களாக. தாமதிக்க வேண்டாம், முதியோரில் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர்.