என்ன சீட்டு?

சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பங்குனி வெயிலில் வேட்டிக் கட்டுக்குள் வியர்வை காயவே காயாது. போன வருடம் இடுப்பில் எட்டணா அகலத்துக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து செதில் செதிலாக, நடுவில் தோல் தெளிவாக. படர்தாமரை. தெலுங்கிலும் இது ‘தாமர’தான். இந்தச் சனியனுக்கு இரண்டு மொழியிலும் பூவின் பெயர்!

மருந்துக்கடைக்காரர் “அரிப்பா?” என்றார், ஒரு ட்யூபை நீட்டினார். இரண்டே நாளில் அடங்கியது. நிறுத்தினால் வரும், தடவினால் போகும். நாலு மாதத்தில் வட்டத்துக்குள் வட்டமாகத் தொடை வரை இறங்கிவிட்டது. ஒரே துண்டில் துடைத்த மனைவிக்கும் தொற்றியது. போதாக்குறைக்கு, தொடையில் பிரசவ வரி மாதிரி கோடுகள்.

திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஓரத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை. பிறகு ட்யூபை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு. அது அரிப்பை அமுக்கும். பூஞ்சையை எதிர்க்கிற தோலின் சக்தியையும் சேர்த்து அமுக்கும். காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்த கதைதான்.

2018இலேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. என்னிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை. இதற்கிடையே டெர்பினாஃபின் என்கிற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கே மசியாத பூஞ்சை நம் நாட்டில் பரவிக்கிடக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு இந்தியாவின் பெயர் ஒட்டிக்கொள்ளும்படி ‘இந்தோட்டினியே’ என்று பெயர் வைத்தார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இருந்ததாகச் செய்தி வந்தது.

‘தானே வைத்தியம் பார்க்கும் ஜனங்கள்’ என்று எங்களைத் திட்டுவது சுலபம். மூட்டை தூக்குகிறவன் திருப்பதி போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. மண்டல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் தோல் டாக்டர் வரட்டும். கடையில் சீட்டும் கேட்கட்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பலனில்லை. அரிக்காத, தொட்டாலும் சுட்டாலும் தெரியாத வெளிறிய தேமலுக்கும் இதே ட்யூபைத்தான் தடவுகிறார்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக மாத்திரை சாப்பிட்டோம். தோல் தெளிந்த பிறகும் டாக்டரம்மா நிறுத்த விடவில்லை. ஆளுக்கொரு துண்டு, உள்ளாடையை வெயிலில் காயவைத்து இஸ்திரி. படை போய்விட்டது. வரிகள் போகாதாம்.

போன வாரம் மண்டிப் பையன் ஒருவன் சட்டைப்பையில் அதே ட்யூப். சீட்டு கேட்டார்களா என்றேன்.

“ஏ சீட்டி அன்னா?”